ஜீப்பை உயர்த்துமுன் யோசியுங்கள்

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்த நேரத்தில் வழக்கமாக உரத்தைப் பற்றியும், பூச்சி மருந்தைப் பற்றியும், விதை நேர்த்தியைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்போம். இன்றைக்கு ஜீப்பைப் பற்றிப் பேசப்போகிறேன். "வேளாண்மை அதிகாரிக்கும் ஜீப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று சமவெளியில் இருக்கிறவர்கள் கேட்கலாம். மலைத்தோட்டக்காரர்கள் கேட்கமாட்டார்கள். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிப் போவது ஜீப்புதான். தாண்டிக்குடிப் பக்கம் காப்பிப் பழத்தை மூட்டை கட்டி இறக்குவதும், கொல்லிமலையில் மிளகு மூட்டையைச் சாலைக்குக் கொண்டுவருவதும் பல இடங்களில் ஜீப்புதான். நிலத்துக்கு உழவு மாடு எப்படியோ, மலைக்கு ஜீப்பு அப்படி.

மழைக்காலம் வந்துவிட்டால் மண்பாதையில் சக்கரத் தடம் பள்ளமாகிவிடும். நடுவில் மேடு நிற்கும். வண்டியின் அடிப்பாகம் கல்லில் இடித்துக்கொண்டு நின்றுவிடும். அப்போது யாராவது ஒருவர் யோசனை சொல்வார்: "அண்ணே, வண்டியை நாலு அங்குலம் தூக்கிக் கட்டிருங்க, எங்கயும் நிக்காது." இப்போது கைபேசியில் வேறு படம் படமாக வருகிறது. ஒரு வெல்டிங் பட்டறை, ஒரு லேத்துப் பட்டறை, நாலு இரும்புத் துண்டு, ஒரு நாள் கூலி, வண்டி உயரமாகிவிடுகிறது. பார்க்கவும் கம்பீரமாக இருக்கிறது.

வண்டி உயர்வதால் என்ன கிடைக்கிறது, பதிலுக்கு என்ன கையைவிட்டுப் போகிறது என்ற கணக்கைத்தான் இன்றைக்கு உங்கள்முன் வைக்கப்போகிறேன். கணக்கைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எது உயரும், எது உயராது?

முதலில் ஒரு சோதனை. வண்டியைச் சமமான களத்தில் நிறுத்துங்கள். பின்பக்கம் குனிந்து பாருங்கள். இரண்டு சக்கரத்தையும் சேர்க்கிற ஆக்சில் குழாயின் நடுவில் பூசணிக்காய் மாதிரி ஒரு புடைப்பு தெரியும். பற்சக்கரங்கள் இருக்கிற டிஃபரன்ஷியல் வீடு அதுதான். தரைக்கு மிகவும் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் இந்தப் புடைப்புதான். பாதை நடுமேட்டில் முதலில் இடிப்பதும் இதுதான்.

ஸ்பிரிங் பட்டை எங்கே இருக்கிறது? ஆக்சிலுக்கும் சட்டத்துக்கும் இடையில். அங்கே நீங்கள் என்ன சேர்த்தாலும், எதை நீட்டினாலும், உயரப் போவது சட்டமும் அதன்மேல் இருக்கிற உடம்பும் மட்டுமே. ஆக்சில் சக்கரத்தோடு தரையில்தான் நிற்கும். நாலு அங்குலம் தூக்கிக் கட்டினாலும் அந்தப் பூசணிக்காய் ஒரு நூலளவுகூட மேலே வராது. அது மேலே வரவேண்டுமென்றால் பெரிய டயர் போடுவது ஒன்றுதான் வழி. அதிலும் டயரின் குறுக்களவு 2 அங்குலம் கூடினால் ஆக்சில் உயர்வது 1 அங்குலம்தான். பாதி மேலே, பாதி கீழே போய்விடும்.

அப்படியானால் உயர்த்துவதால் பயனே இல்லையா? உண்டு. சட்டத்தின் அடியில் தொங்குகிற கியர் பெட்டி, சைலன்சர் குழாய், முன் பம்பர், பின் கொக்கி இவையெல்லாம் மேலே போகும். செங்குத்தான ஏற்றத்தில் மூக்கு இடிக்காது. பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். ஆகவே "என் வண்டியில் இடிப்பது எது?" என்ற கேள்விக்கு முதலில் பதில் தேடுங்கள். அடியில் எங்கே சிராய்ப்பு இருக்கிறது என்று தடவிப் பார்த்தாலே தெரியும். சிராய்ப்பு டிஃபரன்ஷியலில் இருந்தால் ஸ்பிரிங்கை உயர்த்திப் பயனில்லை.

முதலில் பழைய உயரத்தை மீட்டெடுங்கள்

மலையில் ஓடுகிற ஜீப்புகளில் பல பத்து, இருபது வருஷம் பாரம் சுமந்தவை. பட்டை தொய்ந்து, வளைவு போய், தட்டையாகிக் கிடக்கும். இந்த வண்டிகளுக்குத் தேவை புது உயரமல்ல. கம்பெனியில் இருந்து வந்தபோது இருந்த பழைய உயரமே போதும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு டேப் போதும். பாரமில்லாமல் நிறுத்தி, ஆக்சில் குழாயின் மேல்பாகத்திலிருந்து நேர் மேலே சட்டத்தின் அடிவரை அளந்துகொள்ளுங்கள். நாலு சக்கரத்துக்கும் அளக்கணும். இடமும் வலமும் அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் குறைவாக இருக்கிற பக்கம் பட்டை தொய்ந்திருக்கிறது அல்லது ஒரு பட்டை உடைந்திருக்கிறது என்று அர்த்தம். பட்டைகளுக்கு நடுவில் துருப்பொடி சிவப்பாக உதிர்ந்தாலும், ஒரு பட்டை பக்கவாட்டில் நகர்ந்து வெளியே தலை நீட்டினாலும் கவனிக்கவேண்டும்.

உங்கள் வண்டி மாடலுக்கென்று விற்கிற புதுப் பட்டைக் கட்டை நாலு பக்கமும், புது புஷ்ஷோடும் புது யூ போல்ட்டோடும் மாட்டுங்கள். தொய்ந்த வண்டி இதிலேயே ஒன்றிரண்டு அங்குலம் எழுந்துவிடும். சட்டச் சிக்கல் இல்லை, ஸ்டியரிங் கெடாது, பிரேக்குக் குழாய் இழுபடாது. உயர்த்தணும் என்று பட்டறைக்குப் போகிறவர்களில் நிறையப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

ஷேக்கிளை நீட்டுவது

இதற்கு மேலும் உயரம் வேண்டும் என்கிறவர்களுக்குப் பட்டறையில் முதலில் சொல்கிற வழி ஷேக்கிளை மாற்றுவது. பட்டையின் ஒரு முனை சட்டத்தில் ஊசி போட்டு நிற்கும். மறுமுனை ஒரு சிறு ஊஞ்சலில் தொங்கும். அந்த ஊஞ்சல்தான் ஷேக்கிள். பட்டை அமுங்கும்போது நீளும். அந்த நீளத்துக்கு இடம் விடுவது இதன் வேலை. இரண்டு இரும்புப் பட்டியில் துளை போட்டு ஷேக்கிளை நீளமாகச் செய்துவிட்டால் வண்டி உயரும். செலவு குறைவு என்பதால் எல்லோருக்கும் இதுதான் பிடிக்கும்.

இதில் மூன்று விஷயம் தெரிந்திருக்கணும்.

ஒன்று, ஷேக்கிளை 2 அங்குலம் நீட்டினால் வண்டி உயர்வது 1 அங்குலம்தான். ஒரு முனை மட்டும் இறங்குவதால் நடுவில் இருக்கிற ஆக்சிலுக்குப் பாதிதான் சேரும். நாலு அங்குலம் வேண்டும் என்று எட்டு அங்குலம் நீட்டினவர்கள் உண்டு. அது ஊஞ்சல் இல்லை, தொட்டில்! வளைவில் திரும்பும்போது வண்டி பக்கவாட்டில் ஆடும்.

இரண்டு, பழைய ஜீப்புகளில் முன் பட்டையின் ஷேக்கிள் முன்பக்கம் இருக்கும். அதை நீட்டினால் பட்டையின் முன்முனை இறங்கி, ஆக்சில் முன்னோக்கிச் சுழலும். முன் சக்கரத்தின் திருப்பு அச்சு கொஞ்சம் பின்னால் சாய்ந்திருப்பதால்தான் ஸ்டியரிங்கை விட்டால் அது தானே நேராகிறது. சைக்கிளின் முன் கவட்டை சாய்வாக இருக்கிறதே, அந்த மாதிரி. ஆக்சில் முன்னோக்கிச் சுழன்றால் இந்தச் சாய்வு குறைந்துபோகும். வண்டி ஒரு நேராகப் போகாது, திருப்பின ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது, சில வேகத்தில் முன் சக்கரம் வெடவெடவென்று நடுங்கும். இதைச் சரிசெய்ய ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்பு வடிவத் தகடு வைப்பார்கள். வீல் அலைன்மென்ட் பார்க்கிற இடத்தில் அளந்து பார்த்துத்தான் அதை வைக்கணும், கண்ணளவில் வைக்கக்கூடாது.

மூன்று, வெறும் இரண்டு பட்டியை மட்டும் மாட்டினால் அவை வளையும். இரண்டையும் நடுவில் குறுக்குத் துண்டால் இணைத்திருக்கணும். மொத்தத்தில் 1 அங்குல உயரத்துக்கு மேல் ஷேக்கிளை நம்பாதீர்கள்.

பட்டை சேர்ப்பதும் வளைப்பதும்

அடுத்த வழி, கட்டில் இன்னும் ஒரு பட்டை சேர்ப்பது. மூட்டை சுமக்கிற வண்டிக்கு இது நியாயமான யோசனைதான். ஆனால் எந்தப் பட்டை என்பதில் இருக்கிறது சூட்சுமம். காயலான் கடையில் கிடைக்கிற லாரிப் பட்டையை வெட்டி உள்ளே செருகிவிடுகிறார்கள். பட்டையின் விறைப்பு கனத்தைப் போல் மும்மடியாகப் பெருகும். அதாவது ஒரே அகலம், ஒரே நீளத்தில் 6 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 8 மில்லிமீட்டர் பட்டை வைத்தால், விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுவதில்லை, ஏறத்தாழ 2.4 மடங்கு ஆகிவிடுகிறது. இரண்டு மில்லிமீட்டரில் வண்டியின் குணமே மாறிப்போகிறது.

விறைப்பு கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். மேடு பள்ளத்தில் அப்படி இல்லை. மெத்தென்ற பட்டை இருந்தால் ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது மறு சக்கரம் பள்ளத்தில் இறங்கி மண்ணைத் தொடும். விறைத்த பட்டை இருந்தால் மறு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். அந்தரத்தில் நிற்கிற சக்கரம் சும்மா சுற்றும். டிஃபரன்ஷியல் இழுவையை அதற்கே கொண்டுபோய்க் கொட்டும். பூமியில் நிற்கிற சக்கரம் அசையாது. எங்கேயும் நிற்காது என்று உயர்த்தின வண்டி, முன்பு நிற்காத இடத்தில் நிற்கும்.

தொய்ந்த பட்டையை உலையில் காய்ச்சி வளைத்துக் கொடுக்கிற வழக்கமும் இருக்கிறது. நம் ஊர்க் கொல்லுப்பட்டறையில் அரிவாள் அடிப்பது பெரும்பாலும் பழைய வண்டிப் பட்டையில்தான். கொல்லர் அரிவாளைக் காய்ச்சி அடித்தபின் அப்படியே விடுகிறாரா? இல்லை. தோய்ச்சல் போடுகிறார். அந்தத் தோய்ச்சல் இல்லாவிட்டால் வாய் மழுங்கும். அதிகமானால் வாய் தெறிக்கும். ஸ்பிரிங் பட்டைக்கும் இதே கதைதான். தொழிற்சாலையில் அளந்த வெப்பத்தில் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி அளந்த வெப்பத்தில் பதப்படுத்தியிருப்பார்கள். உலையில் சிவக்கக் காய்ச்சி வளைத்து ஆறவிட்டால் அந்தப் பதம் போய்விடும். சில மாதத்தில் மறுபடி தொய்யும். அவசரமாகத் தண்ணீரில் தோய்த்தால் கண்ணாடி மாதிரி ஆகி, பாரத்தோடு இறங்கும்போது பட்டென்று உடையும். வளைக்கணும் என்றால் பதம் வைக்கிற வசதி உள்ள பட்டைக் கடையில் கொடுங்கள். பட்டையில் துளை போடுவதும் வெல்டிங் வைப்பதும் கூடவே கூடாது.

கட்டை வைப்பதும் பட்டையை இடம் மாற்றுவதும்

ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் கட்டை வைத்து உயர்த்துவது இன்னொரு வழி. பட்டை ஆக்சிலுக்கு மேலே இருக்கிற பிக்-அப் மாதிரி வண்டிகளில்தான் இதனால் உயரம் வரும். பட்டை அடியில் இருக்கிற பழைய ஜீப்பில் கட்டை வைத்தால் வண்டி தாழ்ந்துதான் போகும்! இதைச் சொன்னால் சிரிக்கிறீர்கள். செய்துவிட்டுத் தலையைச் சொறிகிறவர்களும் இருக்கிறார்கள்.

பின் ஆக்சிலில் வைக்கிற கட்டை ஒற்றை இரும்பு வார்ப்பாக, பட்டையின் நடு போல்ட் தலை உட்கார்கிற குழியோடும் முளையோடும் இருக்கணும். மரக்கட்டை, ரயில் தண்டவாளத் துண்டு, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய தகடு இவை எதுவும் வேண்டாம். முன் ஆக்சிலில் கட்டையே வைக்காதீர்கள். பிரேக் அழுத்தும்போது ஆக்சில் சுழலப் பார்க்கும். கட்டை நெம்புகோல் மாதிரி அந்தச் சுழற்சியைப் பெரிதாக்கி வெளியே பிதுங்கிவிடும். இறக்கத்தில் முன் ஆக்சில் இடம் பெயர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அடியில் இருக்கிற பட்டையை ஆக்சிலுக்கு மேலே மாற்றி வைப்பதும் நடக்கிறது. ஒரே அடியில் நாலைந்து அங்குலம் உயரும். ஆனால் இதற்கு ஆக்சில் குழாயில் புது மணை வைத்து வெல்டிங் செய்யணும். வெல்டிங் சூட்டில் குழாய் கோணினால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். ஸ்டியரிங் கம்பி பட்டையில் இடிக்கும். கோணம் ஒரு சில டிகிரி தப்பினால் புரப்பெல்லர் ஷாஃப்ட் அதிரும். ஊர்ப் பட்டறையில் ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை இது.

கம்பிச் சுருள் ஸ்பிரிங்கும் முறுக்குக் கம்பியும் உள்ள புது வண்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2010-ல் வந்த தார் வண்டியின் முன்பக்கம் முறுக்குக் கம்பி. அதன் போல்ட்டை முடுக்கினால் மூக்கு எழும். காசில்லாத உயரம் என்று முடுக்கிக்கொண்டே போகிறார்கள். சக்கரம் கீழே இறங்குவதற்கு இருந்த இடம்தான் குறைகிறது. அச்சு மூட்டின் கோணம் கூடி, ரப்பர் உறை கிழிந்து, உள்ளே சேறு புகும். 2020-க்குப் பின் வந்த தாரில் சுருள் ஸ்பிரிங். அதன் தலையில் வளையம் வைத்துத் தூக்குவதற்கும் இதே எச்சரிக்கைதான்.

கூடவே இழுபடுகிற உறுப்புகள்

வண்டியின் சட்டத்தையும் ஆக்சிலையும் பட்டை மட்டும் இணைக்கவில்லை. இன்னும் ஐந்து உறுப்புகள் இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன. நீங்கள் தூக்கும்போது அவையெல்லாம் இழுபடும்.

முதலாவது, பிரேக்கின் ரப்பர் குழாய். இதைத்தான் முதலில் பார்க்கணும். சமதளத்தில் தளர்வாகத் தெரிகிற குழாய், ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது விறைத்து இழுபடும். பத்துத் தடவை தாங்கும், பதினோராவது தடவை அறுந்துவிடும். பழைய ஜீப்புகளில் ஒரே எண்ணெய் வழி என்பதால் ஒரு குழாய் அறுந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது.

இரண்டாவது, புரப்பெல்லர் ஷாஃப்ட். வண்டி உயர்ந்தால் இது செங்குத்தாகும். மூட்டின் கோணம் கூடும், நடுவில் நீண்டு சுருங்குகிற ஸ்லிப் பாகம் வெளியே வரப் பார்க்கும். வண்டி குட்டையானால் ஷாஃப்டும் குட்டை. கோணம் இன்னும் அதிகம். இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பழைய ஜீப்புகளில் கை பிரேக் சக்கரத்தில் கிடையாது. பின் ஷாஃப்ட் புறப்படுகிற இடத்தில் இருக்கிறது. பின் ஷாஃப்ட் கழன்றால் கை பிரேக்கும் சேர்ந்து போய்விடும்.

மூன்றாவது, ஸ்டியரிங் இழுகம்பி. அது சாய்வானால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஸ்டியரிங் தானே ஒரு பக்கம் வெட்டும். நான்காவது, ஷாக் அப்சர்பர். பழைய நீளம் போதாது. முழுசாக நீண்டு நின்று, தாங்கியைப் பிய்த்துக்கொண்டு வரும். ஐந்தாவது, யூ போல்ட். ஒருமுறை கழற்றின யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். புதியதை மாட்டி, முதல் பாரம் ஏற்றி இறக்கின பிறகு ஒருமுறை, 500 கிலோமீட்டரில் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

யார் வேலை செய்து கொடுத்தாலும் வண்டியை எடுக்குமுன் இந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லுங்கள். ஒரு முன் சக்கரத்தையும் அதற்கு எதிர்மூலைப் பின் சக்கரத்தையும் உறுதியான மேட்டில் ஏற்றி நிறுத்தணும். உடம்பு முறுக்கிக்கொண்டு நிற்கும். அப்போது குழாய் எங்காவது விறைக்கிறதா, டயர் எங்காவது உரசுகிறதா, ஷாஃப்ட் எங்காவது தட்டுகிறதா என்று ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள்.

அடியில் படுத்து வேலை செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஷாஃப்டில் கை பிரேக் உள்ள ஜீப்பில் ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால் கை பிரேக் பிடிக்காது. தூக்கின சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கிற சக்கரம் மறுபக்கம் உருண்டு வண்டி நகரும். ஆகவே தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சட்டத்துக்கு அடியில் இரும்பு முக்காலி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகணும். அடுக்கிய செங்கல்லை நம்பி ஒருவரும் படுக்காதீர்கள்.

சாயும் கணக்கு

வைக்கோல் பாரம் ஏற்றின மாட்டுவண்டியை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே எடை நெல் மூட்டை ஏற்றினால் சாயாத வண்டி, வைக்கோல் ஏற்றினால் வரப்பில் சாய்கிறது. எடை கூடவில்லை; எடையின் ஈர்ப்பு மையம் மேலே போய்விட்டது.

ஜீப்பின் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் 48 அங்குலம் அகலம் என்று வைத்துக்கொள்வோம். பழைய குட்டை ஜீப்புக்கு ஏறக்குறைய அவ்வளவுதான். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 28 அங்குலத்தில் இருந்தால், நின்ற நிலையில் அது கவிழ ஏறத்தாழ 40 டிகிரி சாயணும். 4 அங்குலம் தூக்கிக் கட்டினால் 37 டிகிரியிலேயே கவிழும். பின்னால் பத்துப் பேர், மேலே நாலு மூட்டை என்று ஏற்றி மையம் 38 அங்குலத்துக்குப் போனால் 32 டிகிரி போதும்.

"32 டிகிரி பெரிய சாய்வாச்சே!" என்பீர்கள். ஒரு பக்கச் சக்கரங்கள் ஓரடிப் பள்ளத்தில் இறங்கினாலே 14 டிகிரி சாய்ந்துவிடும். அதோடு பாதையின் வெளிச்சரிவு, பட்டை ஒரு பக்கம் அமுங்குவது, உள்ளே இருக்கிறவர்கள் ஒரே பக்கம் சரிவது, திரும்பும்போது வெளியே தள்ளுகிற வேகம் எல்லாம் சேரும். நின்ற நிலைக் கணக்கில் மிச்சமிருந்த கொஞ்ச நஞ்சத்தைத்தான் நீங்கள் உயர்த்தி உயர்த்திச் செலவழிக்கிறீர்கள்.

பெரிய டயருக்கும் ஒரு கணக்கு உண்டு. 28 அங்குல டயருக்குப் பதில் 31 அங்குலம் போட்டால், மீட்டரில் 40 காட்டும்போது வண்டி ஓடுவது 44-ல். அதே பிரேக் அழுத்தத்துக்குச் சக்கரத்தில் கிடைக்கிற பிடிப்பும் பத்தில் ஒரு பங்கு குறையும்.

2023 ஆகஸ்ட் 25-ம் தேதி வயநாட்டில் தலப்புழா அருகே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வந்த ஜீப்பு பள்ளத்தில் விழுந்து 9 பெண்கள் இறந்துபோனார்கள். உயர்த்திக் கட்டியதால் அது நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. மலை ஜீப்பின் பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்பதை நினைவுபடுத்தத்தான் சொல்கிறேன். பட்டறையில் வண்டியைத் தூக்கிக் கட்டச் சொல்கிறவர் முன் சீட்டில் இருப்பார். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருக்கிற அம்மாவிடம் யாரும் கேட்டதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடுகிற விதத்தில் வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே 2019-ல் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறார்கள். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்பதும் இதைத்தான். ஆகவே எதைச் செய்வதானாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதையைத் திருத்துங்கள்

கடைசியாக என் தொழிலுக்கு வருகிறேன். வண்டி ஏன் இடிக்கிறது? பாதை நடுவில் மேடு, இரண்டு பக்கமும் பள்ளம். அந்தப் பள்ளத்தை வெட்டினது சக்கரம் மட்டுமா? சக்கரத் தடத்தில் மழைத் தண்ணீர் இறங்கி, வாய்க்காலாகி, மண்ணை அரித்துக்கொண்டு போகிறது. நீங்கள் 4 அங்குலம் உயர்த்தினால் அடுத்த மழையில் பள்ளம் 6 அங்குலம் ஆழமாகும். இந்தப் போட்டியில் மழைதான் ஜெயிக்கும். போகிற மண்ணும் யாருடையது? உங்கள் தோட்டத்து மேல்மண்.

இதற்கு மண்வெட்டியும் கடப்பாரையும் போதும். பாதையின் குறுக்கே, சரிவை நோக்கிக் கோணலாக, ஒரு சிறு மண்கரையும் அதற்கு மேல்பக்கம் ஆழமில்லாத வாய்க்காலும் போடுங்கள். தண்ணீர் தடத்தில் ஓடாமல் ஓரமாக வெளியேறிவிடும். சரிவு கூடக்கூட இடைவெளி குறையணும். வெளியேறுகிற இடத்தில் கல் பரப்பி, வெட்டிவேரோ புல்லோ நட்டால் அங்கேயும் அரிக்காது. நடுமேட்டைக் கொத்தி எடுங்கள். தடத்துப் பள்ளத்தில் அடியில் பெரிய கல், மேலே சிறு கல், அதன்மேல் சரளை என்று நிரப்புங்கள். பாதை பொதுப் பாதையானால் பக்கத்துத் தோட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு மழைக்கு முன்னால் ஒரு நாள், மழைக்குப் பின்னால் ஒரு நாள் ஒதுக்குங்கள். வனத்துறை நிலத்தில் போகிற பாதையானால் அவர்கள் அனுமதியோடு செய்யணும். மண் அரிப்புத் தடுப்பு வேலைகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் ஆலோசனை கேட்கலாம்.

ஒருவர் ஜீப்பை உயர்த்தினால் அவர் வண்டி மட்டும் போகும். பாதையைத் திருத்தினால் ஊர் வண்டியெல்லாம் போகும். பிரசவத்துக்கு வருகிற ஆம்புலன்சும் போகும்.

ஆக, சுருக்கமாகச் சொல்கிறேன். இடிப்பது எது என்று பாருங்கள். தொய்ந்த பட்டையை மாற்றி, பழைய உயரத்தைக் கொண்டுவாருங்கள். அதற்குமேல் வேண்டுமென்றால் ஓர் அங்குலத்தோடு நிறுத்துங்கள். பிரேக் குழாய், ஷாஃப்ட், ஸ்டியரிங், ஷாக், யூ போல்ட் ஐந்தையும் சேர்த்துப் பாருங்கள். மிச்சக் காசைப் பாதையில் போடுங்கள். ஏறுகிறபோது நாலு சக்கர இழுவையும் லோ கியரும் போட்டு, ஆட்களை இறக்கிவிட்டு நிதானமாக ஏறுங்கள். பத்து நிமிஷம் தாமதமானால் ஏலக்காய் கெட்டுப்போகாது.